நேரம் என்னும் விலை: யூடியூபின் விளம்பரத் தடுப்பி ஒழிப்பும் ஜொகூர்த் தமிழ்ப் பார்வையாளரும்

கேள்வியும் அதன் எல்லையும்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கணினியில் விளம்பரத் தடுப்பியை நிறுவிக்கொண்டு யூடியூப் பார்த்துவந்த சிலருக்கு, காணொளி ஓடவேண்டிய திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றலாயிற்று. விளம்பரத் தடுப்பிகள் யூடியூபின் சேவை விதிகளுக்கு முரணானவை என்றும், தடுப்பியை அகற்றினாலோ பிரீமியம் சந்தா கட்டினாலோ ஒழிய, இன்னும் மூன்று காணொளிகளுக்குப் பிறகு எதுவும் ஓடாது என்றும் அது எச்சரித்தது. பரீட்சார்த்தமாகச் சிலரிடத்தில் தொடங்கிய இந்நடவடிக்கை உலகளாவியது என்பதை அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நிறுவனமே உறுதிப்படுத்தியது. 2024 ஏப்ரலில், விளம்பரத்தை நீக்கிவிட்டுக் காணொளியை மட்டும் காட்டும் பிறருடைய கைப்பேசிச் செயலிகள் மீதும் தடை விரிந்தது. ஜூனில், விளம்பரத்தைக் காணொளியின் ஓட்டத்துக்குள்ளேயே சர்வரில் இணைத்து அனுப்பும் சோதனை நடப்பது வெளிப்பட்டது. கூகுளின் குரோம் உலாவி பழைய வகை நீட்சிகளுக்கு இடமளிப்பதைப் படிப்படியாக நிறுத்தியதால், ரேமண்ட் ஹில் 2014இல் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் என்னும் தடுப்பி 2025இல் அவ்வுலாவியில் செயலற்றுப் போயிற்று.

இவற்றைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி தொழில்நுட்பச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. எந்தத் தடுப்பி இன்னும் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அடிப்படையான கேள்வி அதுவன்று. விளம்பரத்தைப் பாராமல் காணொளியை மட்டும் பார்க்கும் ஒருவரைத் தடுத்து நிறுத்த ஒரு தளத்துக்கு நியாயமான உரிமை உண்டா, உண்டெனில் அவ்வுரிமைக்கு ஈடாக அத்தளம் தலைமேற்கொள்ளவேண்டிய கடமைகள் யாவை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. உரிமை உண்டு, ஆனால் அது நிபந்தனைக்கு உட்பட்டது, பழைய ஒலிபரப்பாளரும் ஒளிபரப்பாளரும் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளைப் புதிய தளம் ஏற்காமலே அவர்களைவிடக் கடுமையாகத் தன் விலையை வசூலிக்க முற்படுகிறது என்பதே நான் இங்கு நிறுவ முயலும் முடிவு. இக்கேள்வியை, சிங்கப்பூரை அடுத்துள்ள மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து நோக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. விலை கொடாமல் பார்ப்பது என்ற அனுபவம் இம்மாநிலத்து மக்களுக்கு இணையம் தந்ததன்று.

தெற்கு நோக்கிய ஏரியல்கள்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரியிலும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொடங்கியது. அன்றிலிருந்து பல்லாண்டுக் காலம், ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் வீட்டுக் கூரைமேல் நின்ற ஏரியல்களுள் பல தெற்கு நோக்கியே நின்றன. கடற்பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த அலைவரிசைகளில் தமிழ்ச் செய்தியும் நாடகமும் திரைப்படமும் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு; 2008 அக்டோபரில் சிங்கப்பூரின் தமிழ் ஒளிபரப்பான வசந்தம் தனி அலைவரிசையாக ஆனபோது அதன் ரசிகர்கள் சிங்கப்பூருக்குள் மட்டும் இருக்கவில்லை. சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று தொலைக்காட்சி உரிமத்துக்காக ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிவந்தது; அக்கட்டணம் 2011இன் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டது. ஜொகூர்க் குடும்பமோ அந்த உரிமத்துக்கு ஒரு காசும் கட்டியதில்லை. இடையிடையே வந்த விளம்பரங்களும் பெரும்பாலும் சிங்கப்பூர்க் கடைகளில் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கவேண்டிய பொருள்களுக்கானவை. ஜொகூர்த் தோட்டத்துக் குடும்பம் ஒன்று அவற்றை வாங்கப்போவதில்லை என்பது விளம்பரதாரருக்கும் தெரிந்ததே. ஆயினும் இப்பார்வையாளரை எவரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. 2019இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோதும், இரு நாடுகளும் ஒரே டிஜிட்டல் முறையைத் தழுவியிருந்தமையால், தக்க பெட்டியும் ஏரியலும் உடையவர்கள் தொடர்ந்து பார்க்க முடிந்தது.

இந்தச் சகிப்புக்குப் பொருளாதார நியாயம் ஒன்று இருந்தது. காற்றில் பரவும் அலையை இன்னும் ஆயிரம் வீடுகள் பிடித்துக்கொண்டாலும் கோபுரத்தின் மின்செலவு ஒரு காசும் கூடுவதில்லை. ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைவு ஏற்படாத பொருளுக்கு, பார்ப்பவர் ஒவ்வொருவரிடமும் விலை கேட்பதற்கு வலுவான காரணம் கிடையாது. விளம்பரத் தடுப்பியை ஆதரிப்போர் இதையே இணையக் காணொளிக்கும் பொருத்திப் பேசுகின்றனர்: வானொலியில் விளம்பரம் வந்ததும் ஒலியைக் குறைத்தவரையும், தொலைக்காட்சியில் விளம்பரம் வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போனவரையும் எவரும் தண்டிக்கவில்லையே, இதை மட்டும் ஏன் தண்டிக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதத்தை முழுமையாக ஏற்பதற்கில்லை. இணையக் காணொளி ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பார்வைக்கும், சிறிதே எனினும், மின்சாரமும் கம்பிவடமும் குளிரூட்டலும் செலவாகின்றன. இச்செலவின் உருவத்தை நேரில் காண விரும்புவோர் ஜொகூரைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை. 2019 முதல் 2022 வரை சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்திருந்த காலத்திலும் அதன் பின்னரும், அத்தொழில் கடலைத் தாண்டி இங்கு வந்தது. கூலாயில் கூலாய் யங் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த எண்ணெய்ப்பனை நிலத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. ஜொகூர்த் தமிழரின் வரலாறு தோட்டத்தோடு பிணைந்தது என்பதை அறிந்தவருக்கு, செம்பனை நின்ற மண்ணில் சன்னலற்ற நெடுங்கட்டடங்களும் அவற்றைச் சுற்றி மின்நிலையங்களும் நிற்கும் காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று. யூடியூபின் காணொளிகள் அந்தக் குறிப்பிட்ட கட்டடங்களிலிருந்துதான் வருகின்றன என்று நான் சொல்லவில்லை. இவ்வகைத் தொழில் எதை உண்டு வாழ்கிறது என்பதற்கு அவை பிரத்தியட்சச் சான்று என்பதே கருத்து. மாநில அரசு தரவு மையங்களுக்கான விண்ணப்பங்களை நீர், மின்சாரம் ஆகியவற்றின் தேவையை முன்னிட்டு வடிகட்டத் தொடங்கியிருப்பதும் இச்செலவு கற்பனையன்று என்பதைக் காட்டுகிறது. ஆகவே, காணொளி முற்றிலும் இலவசமாகக் கிடைக்கவேண்டியது என்ற கட்சி நிற்காது.

களவா, தற்காப்பா?

விலை உண்டு என்று ஒப்புக்கொண்டபின், அவ்விலை முறையாக நிர்ணயிக்கப்பட்டதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. தளத்தின் தரப்பு எளிமையானது: பார்வையாளர் சேவை விதிகளை ஏற்றே உள்ளே வருகிறார், விளம்பரம் பார்ப்பது அவ்விதிகளின்படி அவர் கொடுக்கும் விலை, விலை கொடாமல் பொருளை எடுப்பது தகாது. கேட்பதற்கு இது குறையற்ற வாதமாகவே தோன்றும். ஆனால் எந்த விலையும் நியாயமான விலையாவதற்கு, வாங்குவோருக்கு அது முன்கூட்டித் தெரிந்திருக்கவேண்டும். விற்பவர் அதைத் தம் விருப்பப்படி இடையில் ஏற்றலாகாது. யூடியூபின் வரலாறு இதற்கு மாறாகவே நடந்திருக்கிறது. 2005இல் தொடங்கி, 2006இல் 165 கோடி டாலருக்குக் கூகுளின் கைக்குப் போன இத்தளம், 2007இல் காணொளியின் அடிப்பகுதியில் மெல்லிய பட்டையாகத்தான் விளம்பரத்தை முதலில் காட்டியது. 2010இல் ஐந்து விநாடிக்குப்பின் தாண்டிவிடக்கூடிய விளம்பரம் வந்தது. இடையே விளம்பரம் புகுத்தப்படுவதற்குக் காணொளி பத்து நிமிடமேனும் இருக்கவேண்டும் என்ற வரம்பு 2020 ஜூலையில் எட்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. தாண்டமுடியாத முப்பது விநாடி விளம்பரங்கள் தொலைக்காட்சித் திரைகளுக்கு என 2023இல் அறிவிக்கப்பட்டன. இம்மாற்றங்களுள் ஒன்றுக்கேனும் பார்வையாளரின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒரு மணி நேரம் பார்ப்பவர் எத்தனை நிமிடம் விளம்பரத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று எவ்விதியும் அவருக்குச் சொல்வதில்லை.

பழைய ஒளிபரப்போடு இதை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஒரு மணி நேரத்தில் விளம்பரம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டலாகாது என்று வரையறுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒலி-ஒளி ஊடக நெறிமுறையும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு இருபது சதவீத எல்லையை வகுத்துள்ளது. இவ்விதிகள் எந்த அளவு மதிக்கப்பட்டன என்பது வேறு விவாதம். சன் டிவியை மலேசியக் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ வழியாகப் பார்த்துப் பழகிய எவருக்கும் அதைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் இருக்கும். எனினும், பார்வையாளரின் நேரம் எல்லையில்லாமல் எடுத்துக்கொள்ளப்படத்தக்கது அன்று என்ற கொள்கை அங்கே சட்டமாக எழுதப்பட்டிருந்தது. நாள் முழுதும் கையில் இருக்கும் திரைக்கோ அத்தகைய வரையறை இல்லை.

மறுதரப்பின் வாதத்தையும் அப்படியே விழுங்கவேண்டியதில்லை. என் கணினியில் எது தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என் சுதந்திரம் என்பது அதன் சாரம். ஜெர்மனியின் உச்ச கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில், ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பி நேர்மையற்ற போட்டியாகாது என்று ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தாரின் வழக்கில் தீர்ப்பளித்தது இவ்வாதத்துக்குப் பெரும்பலம். ஆனால் அதே ஆட்பிளாக் பிளஸை நடத்தும் எயோ நிறுவனம், 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களிடம் பணம் பெற்று அவர்களுடைய விளம்பரங்களுக்கு வழிவிட்டு வந்திருக்கிறது. பணம் கொடுத்தவர்களுள் கூகுளும் ஒன்று. தடுப்பி எல்லாமே விடுதலைப் படையன்று. சில, சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் எழுந்த இன்னொரு சுங்கச்சாவடியே. யூபிளாக் ஆரிஜினைப்போல் காசு வாங்காமல் இயங்குவன வேறு வகை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எல்லாத் தடுப்பிகளையும் ஒரே தராசில் நிறுப்பது ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

சுமை யார் தலையில்?

இதுவரை எழுதப்பட்ட விவாதங்களில் போதிய கவனம் பெறாத அம்சம் ஒன்று உண்டு. விளம்பரத்தைத் தடுக்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பதே அது. உலாவி நீட்சியை நிறுவுவதற்குக் கணினி வேண்டும். சிறிது ஆங்கிலமோ மலாயோ வேண்டும். அச்சமின்றி அமைப்புகளைத் திறந்து மாற்றும் பழக்கம் வேண்டும். கூடத்துச் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் யூடியூப் பார்க்கும் பாட்டிக்கு இவற்றுள் எதுவும் கைவசமில்லை. அத்தொலைக்காட்சிச் செயலியில் தடுப்பி பெரும்பாலும் வேலையும் செய்யாது. எனவே, இளைஞரும் படித்தவரும் தப்பித்துக்கொள்ள, முதியவரும் வறியவரும் விளம்பரத்தின் முழு எடையையும் சுமக்கும் நிலையே ஒழிப்பு நடவடிக்கைக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

அந்த எடை எத்தகையது என்பதற்கு, இம்மாநிலத்தில் துக்க வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் அறிந்த ஒரு காட்சியைச் சொல்லலாம். கூடத்தின் நடுவே உடல் கிடத்தப்பட்டிருக்கும், தலைமாட்டில் குத்துவிளக்கு, பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறவினர்கள். சிவபுராணம் ஓதத் தெரிந்தவர் வந்துசேரும் வரை, பையன் ஒருவன் தன் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து யூடியூபில் அதை ஓடவிட்டிருப்பான். பாடலின் நடுவில், எவ்வித முன்னறிவிப்புமின்றி, துள்ளிசையோடு கைப்பேசித் திட்டத்துக்கான விளம்பரமோ, விரைவில் பணம் பெருக்கித் தருவதாகச் சொல்லும் குரலோ பாய்ந்து வரும். பையன் பதறி ஓடித் திரையைத் தேய்ப்பான். அந்த ஐந்து விநாடி கழியும்வரை அழுகையும் நின்று, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடுப்பியை நிறுவும் குடும்பங்களுள் பல, நிறுவனத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு நிறுவுவதில்லை; இப்படிப்பட்ட ஒரு நிமிடம் மீண்டும் நேராதிருக்கவேண்டும் என்றே நிறுவுகின்றன. இதில் பாடல் நிறுவனங்களுக்கும் பங்குண்டு என்பதை நியாயத்தின்பொருட்டுச் சொல்லவேண்டும்: காணொளியின் இடையே விளம்பரம் புகுத்துவதா இல்லையா என்பதை, வருவாயில் பங்கு பெறும் அலைவரிசை தானே முடிவு செய்யலாம். பக்திப் பாடல்களை வெளியிடும் நிறுவனங்கள் அந்த ஒரு பொத்தானை அணைத்துவைத்தால் பெருநஷ்டம் எதுவும் நேர்ந்துவிடாது.

சங்கடத்தைவிடப் பெரிது ஆபத்து. பிரபலங்கள், அரசியல் தலைவர்கள் ஆகியோரின் முகத்தையும் குரலையும் செயற்கையாகப் புனைந்து, பொய்யான முதலீட்டுத் திட்டங்களை விளம்பரப்படுத்தும் காணொளிகள் மலேசியாவில் பரவியிருப்பதை அறியாதார் இல்லை. மோசடிக்கு ஆளானோர் உடனடியாக அழைப்பதற்கென 997 என்ற எண்ணோடு தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அரசு 2022 அக்டோபரில் அமைக்க நேர்ந்தது. அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரைப் போலியாக உபயோகிக்கும் மோசடியைப் பற்றி 2022 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், விளம்பரத் தடுப்பி ஒன்றைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு ஆலோசனை கூறியது. ஓர் அரசின் காவல் அமைப்பு தற்காப்புக் கருவி என்று பரிந்துரைத்ததை, ஓராண்டுக்குள் ஒரு நிறுவனம் விதிமீறல் என்று விலக்குகிறது. தான் காட்டும் விளம்பரம் பார்வையாளரைக் கொள்ளையிடாது என்ற உத்தரவாதத்தைத் தளம் கொடுக்கும்வரை, அவர் கதவைச் சாத்திக்கொள்வதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

படைப்பவருக்கு எவ்வளவு?

தடுப்பியை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்களுள் மிகவும் கனமானது, படைப்பாளியின் பெயரால் வைக்கப்படுவதே. முழுநீளக் காணொளியின் விளம்பர வருவாயில் 55 சதவீதமும், குறுங்காணொளியில் 45 சதவீதமும் அலைவரிசை உரிமையாளருக்குப் போகின்றன. பிரீமியம் சந்தாவிலும் பார்வை நேரத்துக்கேற்பப் பங்கு உண்டு. மலேசியத் தமிழில் நகைச்சுவையும் பாட்டும் சமையலும் படைத்து, சிறிய சந்தையை நம்பி வாழும் இளைஞர்களுக்கு இந்த வருவாய் அற்பமன்று. அவர்கள் காணொளியைத் தடுப்பியோடு பார்ப்பவர் அவர்களுக்குச் சேரவேண்டியதைக் குறைக்கிறார் என்பது உண்மை. இதற்கு என்னிடம் மறுப்பில்லை.

ஆனால் அந்த 55 சதவீதம் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2018 முதல், ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் (2023 முதல், அப்பார்வை நேரத்துக்கு மாற்றாக மூன்று மாதத்தில் ஒரு கோடி குறுங்காணொளிப் பார்வையும் ஏற்கப்படுகிறது) இல்லாத அலைவரிசைக்கு விளம்பரப் பங்கு கிடையாது. அந்த வரம்பை எட்டாத அலைவரிசைகளில் 2020 வரை விளம்பரம் வருவது அரிதாகவே இருந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவிலும், 2021 ஜூனில் ஏனைய நாடுகளிலும் நடைமுறைக்கு வந்த புதிய சேவை விதி, எல்லாக் காணொளிகளிலும் விளம்பரம் வைக்கும் உரிமையைத் தளத்துக்கு அளித்தது. வரம்பை எட்டாதவர்களுக்கு அதில் பங்கு இல்லை. இதன் விளைவைத் தமிழ்ப்பள்ளிகளில் பார்க்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் தம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இலக்கணமும் கணிதமும் கற்பித்துக் காணொளிகளை ஏற்றினர். முப்பது பிள்ளைகள் பார்ப்பதற்கென்று செய்த காணொளிக்கு ஆயிரம் சந்தாதாரர் எங்கிருந்து வருவர்? அத்தகைய பாடத்தின் முன்னால் இன்று விளம்பரம் ஓடலாம். ஆசிரியருக்கு ஒரு காசும் வராது. முழுத் தொகையும் தளத்துக்கே. இவ்விடத்தில் தடுப்பி எந்தப் படைப்பாளியின் வயிற்றிலும் அடிக்கவில்லை. 2024இல் மட்டும் யூடியூபின் விளம்பர வருமானம் 3,600 கோடி டாலரைத் தாண்டிய நிலையில், படைப்பாளியின் பசியைத் தன் நடவடிக்கைக்கு நியாயமாகக் காட்டும் நிறுவனம், இந்தச் சிறியவர்களின் பங்கைப் பற்றியும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

2025இன் பிற்பகுதியில் நடந்த ஒன்று படைப்பாளர்களின் நிலையைத் தெளிவாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து கணினிவழிப் பார்வை எண்ணிக்கை திடீரெனக் குறைந்ததாகப் பல அலைவரிசைகள் முறையிட்டன. தடுப்பிகள் போன்ற கருவிகள் பார்வைக் கணக்கைப் பாதிக்கக்கூடும் என்று யூடியூப் விளக்கம் கூறியது. எண்ணிக்கை சரிந்தும் பலருக்கு வருவாய் பெரிதாகச் சரியவில்லை. கணக்கிலிருந்து மறைந்தவர்கள் முன்பும் விளம்பரம் பார்க்காதவர்களே. தளத்துக்கும் தடுப்பிக்கும் நடக்கும் யுத்தத்தில், தம் பார்வையாளர் எத்தனை பேர் என்பதைக்கூட உறுதியாக அறிய இயலாதவராகப் படைப்பாளி நிற்கிறார்.

பணம் கட்டிவிட்டு நிம்மதியாகப் பார்க்கலாமே என்பாருக்கும் பதில் சொல்லவேண்டும். கட்டக்கூடியவர்கள் கட்டுவதே நேர்மை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் இந்தியாவில் 2024 ஆகஸ்டுக்குப்பின் மாதம் 149 ரூபாயாக உள்ள சந்தா, அதே பாடலையும் அதே பட்டிமன்றத்தையும் பார்க்கும் ஜொகூர்த் தமிழருக்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல் விலையாகிறது. விலை மலிந்த நாட்டில் பதிந்து வாங்கியவர்களின் சந்தாக்களை 2024 ஜூனில் நிறுவனம் ரத்துசெய்தது. சந்தா கட்டுவது விளம்பரத்திலிருந்து நிரந்தர விடுதலை தரும் என்றும் சொல்வதற்கில்லை. இந்தியாவில் அமேசானின் பிரைம் வீடியோ 2025 ஜூனில், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டத் தொடங்கி, அதை நீக்கத் தனிக்கட்டணம் கேட்டது.

சட்டம் எட்டும் தூரம்

மலேசியாவில் விளம்பரத் தடுப்பியைப் பற்றிப் பேசும்போது அதைக் கள்ள ஒளிபரப்புப் பெட்டியோடு குழப்புவது வழக்கமாகிவிட்டது. கட்டணம் கட்டாமல் ஆஸ்ட்ரோவையும் பிறவற்றையும் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைக் குறிவைத்து, 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பதிப்புரிமையை மீறும் ஒளியோட்டத் தொழில்நுட்பத்தை விற்பதையும் வழங்குவதையும் பத்தாயிரம் முதல் இரண்டு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் இருபதாண்டு வரை சிறையும் விதிக்கத்தக்க குற்றமாக்கியது. தடுப்பியின் கதை வேறு. இங்கே காணொளியை வழங்குவது அதன் உரிமம் பெற்ற தளமே. பார்வையாளர் பெறுவது திருட்டுப் பிரதியன்று. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொழில்நுட்பப் பாதுகாப்பு அரண்களைத் தாண்டுவதைத் தடுக்கிறது. தனியாக வந்துசேரும் விளம்பரத்தைத் திரையில் காட்டாமல் விடுவது ஒரு பூட்டைத் திறப்பதாகாது என்பதே அப்பிரிவை நான் படிக்கும் முறை. ஆனால் சர்வரிலேயே விளம்பரம் இணைக்கப்பட்டு வரும் காலத்தில், அதை வெட்டி எடுப்பதற்கு அந்த ஓட்டத்தையே குலைக்கவேண்டிவரும்போது, இவ்வாசிப்பு நிலைக்குமா என்ற சந்தேகம் எழுகிறது. ஜெர்மனியிலும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. இணையப் பக்கத்தின் நிரலே ஒரு பதிப்புரிமைப் படைப்பு, தடுப்பி அதைச் சிதைக்கிறது என்ற வழக்கை 2025 ஜூலையில் உச்ச கூட்டாட்சி நீதிமன்றம் மறுவிசாரணைக்காக ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

ஐரோப்பாவில் இக்கேள்வி எதிர்ப்புறத்திலிருந்தும் எழுப்பப்பட்டிருக்கிறது. தடுப்பி இருக்கிறதா என்று அறிவதற்குத் தளத்தின் நிரல் பயனரின் கருவிக்குள் நோக்கவேண்டியிருக்கிறது. சம்மதமின்றி அவ்வாறு நோக்குவது ஐரோப்பியத் தனியுரிமை நெறிமுறையை மீறுவதாகும் என்று அந்தரங்க உரிமை ஆர்வலர் அலெக்சாண்டர் ஹான்ஃப் 2023 அக்டோபரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிட்டார். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபரைப் பற்றிய தரவு என்ற கருத்தைச் சுற்றியே கட்டப்பட்டது. கருவிக்குள் நோக்குவதையே தனியாகக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய வகைப் பாதுகாப்பு அதில் இல்லை. ஜொகூரில் இருந்துகொண்டு ஹான்ஃபைப்போல் முறையிட விரும்புபவருக்கு அச்சட்டத்தில் பிடித்துக்கொள்ளத்தக்க நேரான பிடி கிடையாது.

காணொளித்தளமும் உலாவியும் விளம்பரச் சந்தையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் சட்டம் முதன்மையாகக் கவனிக்கவேண்டியது என்று எண்ணுகிறேன். இணைய விளம்பரத் தொழில்நுட்பச் சந்தைகள் சிலவற்றில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். குரோமின் நீட்சி விதிகள் பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் மாற்றப்பட்டன என்று நிறுவனம் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், தன் வருவாயைப் பாதிக்கும் கருவி தன் உலாவியில் இயங்கலாமா என்பதைத் தானே தீர்மானிக்கும் இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது, அவருடைய காரணங்களை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எதைக் கேட்கலாம்?

அரசு இவ்விஷயத்தில் வெறும் பார்வையாளர் அன்று. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகள் மீது 2020 ஜனவரி முதல் ஆறு சதவீதமும் 2024 மார்ச் முதல் எட்டு சதவீதமும் சேவை வரி வாங்குவதால், சந்தா கட்டும் ஒவ்வொரு ஜொகூர்க் குடும்பத்திடமிருந்தும் அதற்கு வருமானம் வருகிறது. குறைந்தது எண்பது லட்சம் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்களுக்கு 2025 ஜனவரியில் உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது, யூடியூப் இவ்வகைக்குள் வருமா என்பதில் கூகுள் ஆட்சேபங்களை எழுப்பியது. பின்னர், 2026 ஜனவரி முதல் உரிமம் பெற்றதாகவே கருதப்படும் தளங்களின் வரிசையில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் யூடியூபையும் சேர்த்தது. 2025ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் நிதிமோசடி உள்ளடக்கத்தை முதன்மையான தீங்குகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறது. ஒருவர் காசு கொடுத்து ஓடவிட்ட மோசடிக் காணொளியும் உள்ளடக்கமே என்பதையும், அதைக் காசு வாங்கிக்கொண்டு காட்டிய தளத்தின் பொறுப்பு, எவரோ ஏற்றிய காணொளிக்கு உள்ள பொறுப்பைவிடக் கூடுதலானது என்பதையும் ஆணையம் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். அதோடு, ஒரு மணி நேரப் பார்வைக்கு விளம்பர நேரத்தின் உச்சவரம்பு ஒன்றை உரிமத்தின் நிபந்தனையாக்குவதும், வருவாய்ப் பங்கு பெறாத அலைவரிசைகளில், முக்கியமாகப் பள்ளிப் பாடங்களில், விளம்பரத்தை அகற்றச் செய்வதும் ஆணையத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவையல்ல.

இவற்றைக் கேட்பதற்குச் சான்று வேண்டும். சான்று திரட்டும் வழி இப்போதே இருக்கிறது. விளம்பரத்தின் மூலையிலுள்ள சிறு குறியைத் தொட்டால் விளம்பரதாரரின் பெயரையும் நாட்டையும் காணலாம். கூகுள் 2023 மார்ச்சில் திறந்த விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்தில், அந்தப் பெயரில் வேறு என்னென்ன விளம்பரங்கள் ஓடின என்று எவரும் தேடிப் பார்க்கலாம். 997க்கு அழைத்து ஏமாந்த கதையைச் சொல்லும் முதியவர், பெரும்பாலும் அந்த விளம்பரத்தின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத நிலையில் இருப்பார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளை அந்தப் பெயரைக் குறித்துவைத்து, திரையைப் படமெடுத்து, தேதியோடு முறையீட்டில் இணைக்கலாம். தமிழிலும் பிரசுரங்கள் வெளியிடும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள், இத்தகைய முறையீடுகளை மாநிலவாரியாகத் தொகுத்து ஆணையத்தின்முன் வைக்கலாம். ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், குளுவாங், சிகாமட் ஆகிய ஊர்களிலிருந்து அவ்வாறு ஒரு தொகுப்பு உருவானால், எந்தத் தமிழ்க் காணொளியின் முன் எந்த மோசடி ஓடியது என்பது முதன்முறையாகப் பெயரோடும் தேதியோடும் பதிவில் இருக்கும்.